நாளைக்கும் ஆட்டம் உண்டு

ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் முடிகிற வரை இரவு பத்து மணி வாக்கில் அம்மாவுக்குப் போன் போடுவேன். சியாட்டிலில் இரவு பத்து என்றால் கோவில்பட்டியில் காலை பத்தரை. அம்மா இட்லிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்டாயா, பிள்ளை தூங்கிவிட்டானா என்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்னட்டி, உங்க ஆளுங்க ஜெயிச்சுட்டாங்களா?"

உங்க ஆளுங்க என்றால் சியாட்டில் மரினர்ஸ். பேஸ்பாலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டால் அம்மாவுக்குத் தெரியாது. டிரா கிடையாது என்பது மட்டும் தெரியும். ஐந்து நாள் ஆடிவிட்டுக் கை குலுக்கிக்கொண்டு போகிற டெஸ்ட் மேட்சை அப்பாவோடு வாழ்நாள் முழுக்கப் பார்த்துச் சலித்தவள் என்பதால் அது அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஜெயித்துவிட்டார்கள் என்றால் "ம், நல்லது" என்பாள். தோற்றுவிட்டார்கள் என்றால் ஒரே பதில்: "சரி விடு, நாளைக்கு ஜெயிச்சிருவாங்க."

ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். ஆறு மாதத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் அத்தனையையும் ஆடி முடிக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் ஆட்டம், சில வாரங்களில் ஏழு நாளும். அதனால் அம்மா சொல்வது ஆறுதல் வார்த்தையே இல்லை, அட்டவணைப்படி சரியான தகவல். நாளைக்கு நிஜமாகவே ஆட்டம் இருக்கும்.

நான் இந்த ஊருக்கு வந்தது 2012 ஜூனில். கணவருக்கு ஹெச்1பி, எனக்கு அவரைச் சார்ந்த ஹெச்4. அந்த விசாவில் வந்த மனைவிமார் அப்போது வேலை பார்க்க முடியாது. 2015-இல் விதி மாறியது, எங்கள் முறை வருவதற்கு அதற்குப் பிறகும் இரண்டு வருடம் பிடித்தது. ஊரில் இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள், இங்கே காலை எட்டரைக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே திரும்பினால் மாலை ஆறரை வரை பேச ஆளில்லை. கார் ஓட்டத் தெரியாது. வடமேற்கு மூலையில் ஜூன் மாதம் வெளிச்சம் இரவு ஒன்பது வரை போகாது. இருட்டினால் படுக்கலாம் என்று பழகிய உடம்புக்கு அந்த நீளமான மாலை ஒரு தண்டனை.

கேபிள் டிவி எடுக்கவில்லை, செலவு. ஒரு சனிக்கிழமை தெருமுனை கராஜ் சேலில் இரண்டு டாலருக்கு ஒரு ரேடியோ வாங்கினோம். அதில் தெளிவாகக் கிடைத்தது 710 ஏஎம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அதில் ஒரு மனிதர் பேசிக்கொண்டே இருப்பார். அவசரம் இல்லாத குரல். என்ன பேசுகிறார் என்று பாதி புரியாது. பின்னணியில் கூட்டத்தின் இரைச்சல், நடுவில் டக்கென்று மரத்தில் பந்து படுகிற சத்தம், கொஞ்ச நேரம் மௌனம், மறுபடியும் பேச்சு. அவர் மரினர்ஸ் ஆட்டங்களின் வர்ணனையாளர் ரிக் ரிஸ் என்பது பிறகுதான் தெரிந்தது. யாராவது ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி, அடித்தால் "குட் பை, பேஸ்பால்!" என்று பந்துக்கே விடைகொடுப்பார். வெங்காயம் நறுக்கும்போது வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது போல இருக்கும். முதலில் நான் கேட்டது அதற்காக மட்டும்தான்.

எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தனியாக இருந்தார். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோடைக்காலத்தில் பின்பக்கப் புல்வெளியில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவார். மடியில் ஒரு நோட்டு, காதில் பென்சில், காலடியில் ரேடியோ. அதே ஸ்டேஷன், அதே குரல். சுவருக்கு இந்தப் பக்கம் என் ரேடியோ, அந்தப் பக்கம் அவருடையது. ஒரு நாள் எட்டிப் பார்த்து, "இரண்டு ரேடியோ எதற்கு? நீ இங்கே வந்து உட்கார், பேட்டரி மிச்சமாகும்" என்றார்.

அவர் மடியில் இருந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் ஸ்கோர் எழுதுவது என்பது நம் கிரிக்கெட் ஸ்கோர் புத்தகத்துக்குப் பெரியம்மா மகள் மாதிரி. களத்தில் நிற்கிற ஒன்பது பேருக்கும் ஒன்பது எண்கள். பந்து எறிகிற பிட்சர் 1, மட்டைக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கிற கேட்சர் 2, அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸில் நிற்பவர் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்கிற ஷார்ட் ஸ்டாப் 6, பிறகு வெளிமைதானத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. பந்து ஷார்ட் ஸ்டாப்பிடம் போய், அவர் இரண்டாவது பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் பறந்து ஒரே அடியில் இரண்டு பேர் அவுட் என்றால் நோட்டில் 6-4-3. அவ்வளவுதான், மூன்று எண்ணில் ஒரு நாடகம். மூன்று ஸ்ட்ரைக் வாங்கி, அதாவது அடிக்க வேண்டிய பந்தை மூன்று முறை தவறவிட்டு வெளியேறினால் கே. மட்டையை வீசாமல் மரம் மாதிரி நின்று மூன்றாவதை விட்டுவிட்டு வெளியேறினால் அதே கே-யைத் திருப்பிப் போட்டு எழுத வேண்டும், கண்ணாடியில் பார்ப்பது போல. அந்தத் திருப்பிப் போட்ட கே-யில் இருந்த நக்கல்தான் எனக்கு முதலில் பிடித்துப்போனது. அவமானத்துக்கு என்று தனி எழுத்து வைத்திருக்கிறார்களே!

அந்தக் கோடையில், வந்து இரண்டு மாதத்துக்குள், இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூலை 23 அன்று இச்சிரோ சுசூகியை நியூயார்க் யாங்கீஸுக்கு மாற்றிவிட்டார்கள். 2001-இலிருந்து இந்த ஊரின் செல்லப்பிள்ளை. 2004-இல் ஒரே சீசனில் 262 ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்கு ஓடிச் சேர்ந்தால் அது ஹிட்) அடித்துப் பெரிய லீக்கில் சாதனை வைத்தவர். விசித்திரம் என்னவென்றால், யாங்கீஸ் அன்றைக்கு சியாட்டிலுக்குத்தான் ஆட வந்திருந்தது. மனிதர் அதே மைதானத்தில் இந்த அறையிலிருந்து எதிர் அணியின் அறைக்கு மாறி, அதே மாலையில் எதிரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு மட்டை பிடிக்க வந்தார். கூட்டம் எழுந்து நின்றது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். ரேடியோவில் கைதட்டல் மட்டும் நீண்டுகொண்டே போனது. பாட்டி பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற வீட்டில் வேற்றாளாகப் போய் மாட்டிக்கொண்டது போல நான் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, ஆகஸ்ட் 15. ஊரில் சுதந்திர தினம், மிட்டாய் கொடுத்திருப்பார்கள். இங்கே புதன்கிழமை, பகல் ஆட்டம். ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் பந்து வீசுகிறார், எதிரே டாம்பா பே அணி. ஒன்பதில் ஆறாவது இன்னிங்ஸ் வாக்கில் பாட்டியின் நோட்டை எட்டிப் பார்த்தேன். டாம்பா பக்கத்துக் கட்டங்களில் ஒரு ஆள் கூட முதல் பேஸைத் தொடவில்லை. "என்ன, இவர்கள் ஒரு ஹிட் கூட..." என்று ஆரம்பித்தேன். பாட்டி சட்டென்று உதட்டில் விரலை வைத்து என்னை முறைத்தார். அதைப் பற்றிப் பேசக் கூடாதாம். பேசினால் கெட்டுவிடுமாம். அணியில் இருக்கிறவர்களே அந்த நேரம் பிட்சர் பக்கம் போய் உட்கார மாட்டார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையைப் பார்த்து "குண்டாயிட்டான்" என்று சொன்னவர் போன கையோடு மிளகாய் சுற்றிப் போடுகிற ஊரிலிருந்து வந்தவளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவா வேண்டும்? வாயை மூடிக்கொண்டேன். 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட். 1-0. கடைசி ஆள் மட்டையை வீசாமல் நின்று போனார். பாட்டி கடைசிக் கட்டத்தில் அந்தத் திருப்பிப் போட்ட கே-யை மெதுவாக, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி எழுதினார்.

இப்படி ஒருவரையும் பேஸுக்கு விடாத பர்ஃபெக்ட் கேம் என்பது பேஸ்பால் வரலாற்றில் அதற்கு முன் 22 தடவைதான் நடந்திருந்தது. அதற்குப் பிறகு அடுத்தது நடக்கப் பதினோரு வருடம் ஆனது, 2023-இல். நான் பார்க்க ஆரம்பித்த இரண்டாவது மாதத்தில் அது எனக்குக் கிடைத்தது. அதன் மதிப்பு அன்றைக்குத் தெரியாது. தேர் முதல் தடவை பார்க்கிற குழந்தை, தேர் தினமும் ஓடும் என்று நினைத்துக்கொள்ளும் அல்லவா, அப்படி.

ஓடவில்லை. அந்த அணி பெரும்பாலும் தோற்கிற அணி. நான் வந்த வருடம் 75 வெற்றி, 87 தோல்வி. 2001-இல் 116 ஆட்டம் ஜெயித்து ஏறக்குறைய நூற்றாண்டுப் பழைய சாதனையைச் சமன் செய்தவர்கள், அந்த வருடமும் சாம்பியனை முடிவு செய்கிற உலகத் தொடருக்குப் போகாமல் யாங்கீஸிடம் விழுந்தார்கள். அதற்குப் பிறகு இருபது சீசன் பிளே ஆஃப் வாசலையே மிதிக்கவில்லை. இத்தனைக்கும் அந்த 116-க்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணை யாரும் பார்ப்பதில்லை: 46 தோல்வி. வரலாற்றிலேயே அதிகம் ஜெயித்த அணி ஒன்று நாற்பத்தாறு இரவு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறது.

இங்கேதான் நான் அப்பாவின் கிரிக்கெட்டிலிருந்து விலகி வந்தேன். 1999 ஜனவரி கடைசி நாள், சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். இலக்கு 271. முதுகு வலியோடு சச்சின் 136 எடுத்து அவுட் ஆனார், மிச்சம் பேர் மளமளவென்று விழுந்தார்கள், 12 ரன்னில் தோல்வி. மைதானத்துச் சனம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியதை இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. மறுநாளும் பேசவில்லை. அந்தத் தோல்வியைத் தூக்கிப்போட அடுத்த நாள் இன்னொரு ஆட்டம் இல்லையே. நாள்கணக்கில் அதே பேப்பர், அதே டீக்கடை, அதே "அந்த ஷாட்டை மட்டும் ஆடாமல் இருந்திருந்தால்". பேஸ்பாலில் நேற்றைய தோல்விக்கு வருத்தப்பட உனக்கு மாலை 6.40 வரைதான் நேரம். அதற்குள் வருத்தப்பட்டு முடித்துவிட வேண்டும், அடுத்த ஆள் பந்தைக் கையில் எடுத்துவிடுவார்.

அம்மாவின் சீரியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் விட்டால் ஒன்றும் குடி முழுகாது, ஆனால் விட மனசு வராது. நடுவில் எழுந்து போய்ப் பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வரலாம். மூன்றாவது இன்னிங்ஸில் கதை எங்கேயும் போய்விடாது. சீரியலில் அத்தையாக வந்தவள் அடுத்த வருடம் வேறு சானலில் வில்லியாக வருவது போல, இங்கேயும் நமக்குப் பிடித்தவர் ஜூலை முடியும்போது வேறு அணிக்குப் போய்விடுவார். ஆள் மாற்றிக்கொள்ள வைத்திருக்கிற அந்தக் கெடு நாளுக்கு முந்திய வாரம் வீடே பதற்றமாக இருக்கும். என்ன ஒன்று, சீரியலில் கடைசியில் நல்லவர்கள் ஜெயிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு.

மாதங்களுக்கு ஒவ்வொரு குணம். ஏப்ரலில் இங்கே நல்ல குளிர், பந்தும் தூரம் போகாது, எல்லோருடைய கணக்கும் பார்க்கச் சகிக்காது. ஆனாலும் எல்லா அணிக்கும் நம்பிக்கை இருக்கும். அணி கிழக்குக் கரைக்குப் போனால் ஆட்டம் எங்களுக்குப் பிற்பகல் நாலு மணிக்கே தொடங்கிவிடும். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அந்த வாரங்களில் மீட்டிங்கில் ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் இருக்கும், முகத்தில் அலுவலகக் கவனம் இருக்கும். ஜூன், ஜூலை சுகம். ஆகஸ்ட் அலுப்பு. ஆட்டக்காரர்களுக்கே அலுத்துவிடும், காயம்பட்டவர்கள் பட்டியல் நீளும், பெயர் தெரியாத பையன்கள் சின்ன லீக்கிலிருந்து வந்து நிற்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஆகஸ்ட்தான். ஒன்றுக்கும் உதவாத ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை ஒரு பெரிய மனிதர் ரேடியோவில் அத்தனை அக்கறையாக விவரித்துக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டே தோசைக்கு ஊறப்போடுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

2023-இல் பிட்ச் கிளாக் கொண்டுவந்தார்கள். ஆள் யாரும் பேஸில் இல்லை என்றால் பதினைந்து விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும். மூன்று மணி நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்த ஆட்டம் இரண்டே முக்கால் மணிக்குள் வந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம், பாட்டிக்கும் எனக்கும் மட்டும் குறை. "பென்சிலை நாக்கில் தொட்டு வைப்பதற்குள் அடுத்த பந்து வந்துவிடுகிறது" என்பார் அவர். என் குறை வேறு. பழைய ஆட்டம் ஒன்றில் ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரித்து முடிக்கலாம். இப்போது முக்கால் கிலோதான் தேறுகிறது.

மைதானத்துக்கு வருடத்துக்கு நாலைந்து தடவை போவோம். 1999-இல் திறந்த மைதானம். மேலே நகர்த்தக்கூடிய கூரை, மழை வந்தால் மூடும். ஆனால் பக்கச் சுவரை மூடாது, குடை பிடித்த மாதிரி நிற்கும். சாரல் வராது, குளிர்காற்று தாராளமாக வரும். பக்கத்திலேயே தண்டவாளம். ஆட்டம் சூடாக இருக்கும்போது சரக்கு ரயில் ஒன்று ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு போகும். முதல் தடவை அதைக் கேட்டபோது கோவில்பட்டி ஸ்டேஷன் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இருப்பது போல ஒரு நொடி தோன்றியது. இந்த மைதானத்தில் இன்னொரு நல்ல பழக்கம், வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக விடுவார்கள். அதனால் எங்கள் பையில் எப்போதும் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கும். பின்வரிசைக்காரர் ஒருவர் வாசனை பிடித்துக்கொண்டு மூன்று இன்னிங்ஸ் அவஸ்தைப்பட்டார், கடைசியில் அவருக்கும் ஒரு டப்பா மூடியில் வைத்துக் கொடுத்தோம்.

உள்ளே விற்கிற பண்டங்களில் ஒன்று வறுத்த வெட்டுக்கிளி. விளையாட்டில்லை. மெக்சிகோவின் வஹாகா பக்கத்துத் தீனி, மிளகாயும் எலுமிச்சையும் போட்டு வறுத்தது. 2017-இல் அறிமுகப்படுத்தியதும் பறந்துவிட்டது. பிறகு ஒரு ஆட்டத்துக்கு 312 தட்டுதான் என்று அளவு வைத்தார்கள். ஏன் 312? எட்கர் மார்டினெஸ் இந்த அணிக்காகவே பதினெட்டு வருடம் ஆடி ஓய்வு பெற்றபோது அவருடைய சராசரி .312. ஆயிரம் தடவைக்கு 312 ஹிட். அதாவது பத்துக்கு ஏழு தடவை சும்மா திரும்பியவர். அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், மைதானத்துப் பக்கத்துத் தெருவுக்கு அவர் பெயர். கணவர் வெட்டுக்கிளித் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். நான் அலட்டிக்கொள்ளவில்லை. மழை பெய்த மறுநாள் ஆச்சி ஈசல் பிடித்து, இறகு போகப் புடைத்து, பொரிகடலையோடு வறுத்துத் தந்ததைத் தின்று வளர்ந்தவள் நான். ருசி ஏறக்குறைய அதேதான், ஆச்சி எலுமிச்சை பிழிய மாட்டாள்.

சரி, 162-இல் ஒரு ஆட்டம் போனால் என்ன என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2023-இல் 88 ஆட்டம் ஜெயித்தார்கள், ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் பிளே ஆஃப் கைநழுவிப் போனது. 2024-இல் 85 ஜெயித்தார்கள், மறுபடியும் ஒரே ஒரு ஆட்டம். இரண்டு வருடம் அடுத்தடுத்து! அந்த இரண்டு குளிர்காலமும் நான் ஏப்ரல், மே மாதத்து ஆட்டங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு இருக்கிறதே என்று அலட்சியமாகக் கை கழுவின ஆட்டங்கள். எந்த ஒன்று என்று விரல் வைக்க முடியாது, அதுதான் கொடுமை. கடைக்காரன் கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்தால் ஒரு வருடத்துக் கணக்கையும் புரட்டுகிற மாதிரி. அம்மாவிடம் சொன்னபோது, "ஒண்ணுதானே" என்றாள். ஆமாம், ஒன்றுதான்.

பிளே ஆஃப் கிடைத்த வருடங்கள் இதைவிட மோசம். இதைச் சொன்னால் உண்மையான ரசிகையா என்று கேட்பார்கள், கேட்கட்டும்: எனக்கு அக்டோபர் பிடிக்காது. ஆறு மாதம் வீட்டு மனிதர் மாதிரி சாவகாசமாகப் பழகிய ஆட்டம், அக்டோபரில் தேர்வு அறை மாதிரி ஆகிவிடும். வெங்காயம் உரிக்க முடியாது. பால் பொங்கி வழிந்தாலும் எழ முடியாது.

2022 செப்டம்பர் 30 வரை சரியாகத்தான் இருந்தது. ஓக்லண்டோடு ஒன்பதாவது இன்னிங்ஸ், 1-1, இரண்டு அவுட். மாற்று ஆளாக மட்டை பிடிக்க வந்த கால் ராலி பந்தை வலப்பக்கம் தூக்கி அடித்தார், அணி பிளே ஆஃபுக்குப் போனது. பிள்ளை தூக்கத்திலிருந்து எழுந்து அழுதான், யாரும் கவனிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஹூஸ்டனோடு உள்ளூரில் ஆட்டம், இருபத்தொரு வருடத்தில் இந்த ஊரில் நடந்த முதல் பிளே ஆஃப். சாதாரண சீசனில் பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாவது பேஸில் ஒரு ஆளைச் சும்மா நிறுத்திவைத்து ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்க வழி செய்வார்கள். பிளே ஆஃபில் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே போனது, போனது, பதினெட்டு இன்னிங்ஸ் போனது. இரண்டு ஆட்டத்தின் நீளம், ஆறு மணி நேரம் இருபத்திரண்டு நிமிடம், அதுவரை 0-0. பதினெட்டாவதில் ஹூஸ்டனின் ஜெரமி பேன்யா ஒரு ஹோம் ரன். 1-0. முடிந்தது. ஆறு மணி நேரம் நான் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை என்பது மறுநாள் தலைவலி வந்தபோதுதான் உறைத்தது.

பிறகு 2025. ராலி அந்த வருடம் 60 ஹோம் ரன். கேட்சர் என்பவர் ஒவ்வொரு பந்துக்கும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழ வேண்டும், முழங்கால் தேயும் வேலை. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே அறுபது அடித்தார். அறுபதாவது வந்த அதே இரவில்தான் அணி தன் பிரிவில் முதலிடத்தை உறுதி செய்தது, 2001-க்குப் பிறகு முதல் தடவை. பிளே ஆஃபில் டெட்ராய்ட்டோடு ஐந்தாவது ஆட்டம் பதினைந்து இன்னிங்ஸ் போய், ஹோர்ஹே பொலாங்கோ அடித்த ஒரு சிங்கிளில் 3-2 என்று ஜெயித்தார்கள். அடுத்து டொராண்டோ. ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயித்தால் உலகத் தொடர். மொத்தம் முப்பது அணிகளில் உலகத் தொடரில் ஒரு தடவை கூட ஆடாத ஒரே அணி இதுதான். ஆறு ஆட்டம் முடிந்து மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் அக்டோபர் 20, திங்கட்கிழமை. தீபாவளி.

யார் போட்ட அட்டவணையோ தெரியவில்லை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, ஆபீஸுக்கு லீவு போட்டு, மத்தியானம் அதிரசம் தட்டினேன். ஊரில் தீபாவளி முடிந்து எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம். மாலை ஐந்துக்கு ஆட்டம். பாட்டி நோட்டோடு வந்துவிட்டார். எண்பதைத் தாண்டிவிட்டார், கை கொஞ்சம் நடுங்கும், எண்கள் கட்டத்துக்குள் நிற்காது. அவருக்குச் சோபாவில் இடம், கையில் ஒரு கிண்ணம் தேங்குழல். பிள்ளைக்கு அவர் மடிப்பக்கம் இடம், பென்சில் சீவிக் கொடுக்கிற பொறுப்பு அவனுடையது. டிவி சத்தத்தை அடைத்துவிட்டு ரேடியோவை வைத்தோம். டிவி சில விநாடி பின்னால் வரும், எனவே எல்லாவற்றையும் காது முதலில் அறிந்துகொள்ளும், கண் பிறகு பார்த்து ஒத்துக்கொள்ளும்.

மூன்றாவது இன்னிங்ஸில் ஹூலியோ ரோட்ரிகஸ் ஒரு ஹோம் ரன், ஐந்தாவதில் ராலி ஒன்று. ஏழாவது இன்னிங்ஸில் 3-1 முன்னிலை. இன்னும் எட்டு அவுட் எடுத்தால் போதும். கணவர் கம்பி மத்தாப்புப் பெட்டியை மேசையில் எடுத்து வைத்தார். வைக்காதீங்க, உள்ளே வையுங்க என்று கத்தினேன். எடுத்து வைத்தார்தான், ஆனால் பார்த்தாகிவிட்டது. டொராண்டோவின் இரண்டு பேர் பேஸில். ஜார்ஜ் ஸ்பிரிங்கர் மட்டை பிடித்தார். ரேடியோவில் குரல் தாழ்ந்ததை நாங்கள் கேட்டுவிட்டோம். டிவியில் அவர் இன்னும் மட்டையை வீசவே இல்லை. பந்து போகப்போவது தெரிந்த பிறகு அது போவதை உட்கார்ந்து பார்த்தோம்.

டொராண்டோ 4-3. ஒன்பதாவதில் கடைசி ஆள் ரோட்ரிகஸ், அவருக்கு அடுத்து ராலி. ராலியின் முறை வரவில்லை. ரோட்ரிகஸ் மூன்றாவது ஸ்ட்ரைக்கை வீசித் தவறவிட்டார். பாட்டி கே எழுதினார், நேரான கே. "குறைந்தபட்சம் வீசினான்" என்றார். நோட்டை மூடிவிட்டுத் தேங்குழல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, நாளைக்குக் கிண்ணம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மத்தாப்பைப் பிள்ளைக்காகக் கொளுத்தினோம். மழைத் தூறல், மூன்றுக்கு ஒன்றுதான் பற்றியது.

பாத்திரத்தை எல்லாம் ஒழித்துப் போட்டுவிட்டு வழக்கம்போலப் பத்து மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்னட்டி, பலகாரமெல்லாம் நல்லா வந்துச்சா? உங்க ஆளுங்க ஜெயிச்சுட்டாங்களா?"

"தோத்துட்டாங்கம்மா."

"சரி விடு, நாளைக்கு ஜெயிச்சிருவாங்க."

"ஆமாம்மா" என்றேன்.